விசுதாசுபன் மைந்தன்

ஈரான் நாட்டின் தென்பகுதியிலே, சீராசு நகரிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 60 கிலோமீற்றர் செல்வோர், மலையொன்றின் அடிவாரத்திலே கல்லாற் கட்டி உயர்த்திய பெருமேடை ஒன்றைக் காண்பர். அதன் பரப்பு ஏறக்குறைய 125,000 சதுர மீற்றர். 72 தூண்கள் தாங்கிய மண்டபம் ஒன்று ஒருகால் அதன்மேல் விளங்கிற்று. இன்று அத்தூண்களுள் 13 மாத்திரமே நிற்கின்றன. கூரை இல்லை, மண்சுவர் யாவும் கரைந்து போயின, கல்லாலாகிய வாயில்நிலைகளும் சாளரச் சட்டங்களும் துணையின்றித் தனித்து நிற்கின்றன. அந்நாட்டார் இவ்விடத்தைச் சம்சீதின் அரியணை என்பர். கிரேக்கர் வழங்கிய பெயர் பேர்சிபோலிசு. கட்டியவன் இட்ட பெயரோ பார்சா.

சம்சீது என்பான் பாரசீகரின் பழங்கதைகளில் வரும் அரசன். இந்நகரில் அவன் ஒரு கல்லையும் எடுத்து வைத்தவனல்லன். மெய்யாகக் கட்டியவனை நாடு மறந்தது. மறந்த இடத்தைக் கதை வந்து நிரப்பிற்று. அம்மறக்கப்பட்டவனே கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட முதலாம் தாரியசு. விவிலியம் பயின்றோர் அவனைத் தரியு என்னும் பெயரால் அறிவர். எருசலேம் ஆலயத் திருப்பணி நிறைவேற இசைவளித்த மன்னனாக எஸ்றா ஆகமம் அவனைக் காட்டும். அவன் பெயர் அவனுடைய தாய்மொழியிலே தாரயவகு என்பதன் வழியாக வந்தது. தாரய என்பதும் நாம் தரித்தல் என்று வழங்குவதும் ஒரே வேரின. வகு என்பது வடமொழியில் வசு. எனவே, நன்மையைத் தாங்குவோன் என்பது அப்பெயரின் பொருள். அவன் தந்தை பெயர் விசுதாசுபன். அதன் ஈற்றிலுள்ள அசுப என்னும் சொல் அசுவமே, குதிரையே.

இத்தந்தை பெயரைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். விசுதாசுபன் அரசனல்லன் என்ற ஒரு செய்தி தாரியசின் வாழ்வு முழுவதையும் நிழல்போலத் தொடர்ந்தது. அதனை மறைக்கவும் ஈடுசெய்யவும் அவன் பட்ட பாடு சிறிதன்று.

பாரசீகப் பேரரசை நிறுவியவன் சைரசு. மீதியா, இலிதியா, பபிலோன் என்னும் அரசுகளை வென்றடக்கிய அவன் கி.மு. 530இல் இறந்தான். அவன் மகன் கம்பைசீசு கி.மு. 525இல் எகிப்தைக் கைப்பற்றினான். அரசனுக்கு வேலேந்தி நின்ற காவலருள் ஒருவனாகத் தாரியசு அப்படையோடு எகிப்து சென்றான் என்பது கிரேக்க வரலாற்றாசிரியன் எரோடோட்டசு தரும் செய்தி. விசுதாசுபனோ பார்த்திய நாட்டில் அதிகாரியாய் இருந்தான். குடி உயர்ந்த குடிதான். அகாமனீசு என்னும் முன்னோன் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்டது. ஆயினும் சைரசுக்குக் கம்பைசீசு, பர்தியன் என ஆண்மக்கள் இருவர் இருக்க, வேலேந்தும் இளைஞன் ஒருவன் முடிசூடுவான் என்று எவரும் எண்ணியிரார்.

கி.மு. 522இல் நிலைமை புரண்டது. நிகழ்ந்தவற்றைத் தாரியசு தானே கூறும் முறையில் முதற்கண் சொல்வேன். கம்பைசீசு எகிப்துக்குப் புறப்படுமுன் தன் தம்பி பர்தியனை மறைவிற் கொன்றுவிட்டான், கொலை நாடறியாது. அரசன் தொலைவில் இருந்த காலத்தில் கௌமாதன் என்னும் மாகியன் ஒருவன், தானே பர்தியன் என்று சொல்லி எழுந்தான். மாகியர் என்போர் மீதிய நாட்டுப் பூசகர் குலத்தார். நாடெல்லாம் அவன்பாற் சென்றது. கம்பைசீசு விரைவில் இறந்துபட்டான். உண்மை அறிந்தோரும் வாய் திறந்திலர். பழைய பர்தியனை நேரில் அறிந்தவர்களைப் போலிப் பர்தியன் கொன்றொழிப்பான் என்று அஞ்சினர். தாரியசு ஒருவனே அகுரமசுதாத் தெய்வத்தை வேண்டி, உயர்குடிப் பாரசீகர் அறுவரைத் துணைக்கொண்டு சென்று, மீதியாவிலுள்ள கோட்டையொன்றில் அப்போலியை வெட்டி வீழ்த்தினான். இக்காலக் கணக்கின்படி அந்நாள் கி.மு. 522 செப்டெம்பர் 29.

எரோடோட்டசு இதே கதையைச் சுவைபட விரித்துரைக்கின்றான். போலியரசனுக்குக் காதுகள் இல்லை. முன்னர் ஒரு குற்றத்துக்காக அவற்றைச் சைரசு அறுப்பித்திருந்தான். அரண்மனையில் அவன் மனைவியருள் ஒருத்தியாயிருந்த பைதிமை என்பாள், தந்தை ஏவலால், அவன் உறங்கும்போது தலைமயிரினுள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து உண்மை அறிந்தாளாம். கொலை முடிந்தபின் எழுவருள் யார் அரசன் என்று தெளியவேண்டியதாயிற்று. விடியலில் யாருடைய குதிரை முதலிற் கனைக்கின்றதோ அவனே அரசன் என்று உடன்பட்டனர்; தாரியசின் குதிரைக்காரன் முந்திய இரவிலேயே ஒரு பெட்டைக்குதிரையைக் கொண்டு ஏற்பாடு செய்துவிட்டான். அசுவத்தைத் தன் பெயரில் வைத்திருந்த தந்தையால் கிட்டாத அரசு, மகனுக்கு ஓர் அசுவத்தாற் கிட்டியது என்று கிரேக்கர் நகைத்தனர் போலும்!

கதைகளை நீக்கி ஆராய்வோர்க்கு ஐயங்கள் எழுகின்றன. சைரசின் மகன் கொல்லப்பட்டதை அரண்மனையும் அறியவில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? மாதர் பலரும் அதிகாரிகளும் நாடோறும் கண்டு பழகிய முகத்தை வேறொருவன் பல மாதங்கள் சுமந்து திரிந்தான் என்பதை நம்புதல் எளிதோ? அவனுக்கு மக்கள் அஞ்சி நடுங்கினர் என்று தாரியசு கூறுகின்றான். எரோடோட்டசோ, அவன் மூன்றாண்டு வரியையும் படைச்சேவையையும் தள்ளிக்கொடுத்தான் என்றும், அவன் இறந்தபோது பாரசீகர் ஒழிந்த ஆசிய மக்கள் யாவரும் வருந்தினர் என்றும் எழுதுகின்றான். ஆதலின், கொல்லப்பட்டவன் சைரசின் மெய்ம்மகன் பர்தியனே, கௌமாதன் என்ற பெயர் கொலையை மறைக்கப் புனைந்தது என்பது இக்கால வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. முடிந்த முடிபாகச் சொல்வதற்கு வேறு சான்று கிடைத்திலது. என் உள்ளம் ஐயத்தின் பக்கமே சாய்கின்றது. மெய்யை மெய்யென்று நிலைநாட்டத் தாரியசு இத்துணை முறை ஆணையிட்டிருக்க வேண்டுவதில்லை.

அவன் முடிசூடியதும் பேரரசு பற்றி எரிந்தது. ஈலாம் எழுந்தது, பபிலோன் இருமுறை எழுந்தது, மீதியா எழுந்தது, பாரசீக நாட்டிலேயே இன்னொருவன் தானே பர்தியன் என்று சொல்லி எழுந்தான். ஏறத்தாழ 28 வயதினனாகிய இளைஞன் 19 போர்கள் புரிந்து 9 அரசர்களைப் பிடித்தான். தந்தை விசுதாசுபனும் பார்த்தியாவில் மகனுக்காகப் போர் செய்தான். பிடிபட்டோர்க்கு இழைத்த தண்டனைகளைத் தாரியசு மறைக்கவில்லை. மீதியரசனாகத் தன்னை அறிவித்துக்கொண்ட பிரவர்த்தி என்பானின் மூக்கும் செவியும் நாவும் அரியப்பட்டன; ஒரு கண் பறிக்கப்பட்டது; அரண்மனை வாயிலிற் கட்டி எல்லாரும் காணவைத்தபின் அவன் கழுவேற்றப்பட்டான். இவை பகைவர் சொன்ன பழியல்ல. வென்றவன் பெருமையாகப் பொறித்தவை.

பபிலோனிலிருந்து எகபத்தானாவுக்குச் செல்லும் பெருவழியின் அருகே பெகிசுத்தூன் என்னும் செங்குத்து மலை உண்டு. அதன் முகத்திலே, மனிதர் கால்வைக்கவியலாத உயரத்திலே, தாரியசு தன் வெற்றியைச் செதுக்குவித்தான். வீழ்ந்துகிடக்கும் கௌமாதனை அவன் மிதித்து நிற்கின்றான். கழுத்தில் ஒரே கயிறு பிணித்த அரசர் ஒன்பதின்மர் எதிரே வரிசையாக நிற்கின்றனர். கூர்ந்த தொப்பியணிந்த சாகன் ஒருவன் பிற்காலத்தே அவ்வரிசையின் ஈற்றிலே சேர்க்கப்பட்டவன். சுற்றிலும் ஆப்பெழுத்துக்களில், ஈலாமியம், பபிலோனியம், பழம்பாரசீகம் என்னும் மும்மொழிகளிலும் வரலாறு வரையப்பட்டுள்ளது. ஆளப்படுவோர் மொழியிலும் எழுதுதல் அரசன் வலியைக் காட்டும் என்பதை அவன் அறிந்திருந்தான். மும்மொழிக் கல் நமக்குப் புதிதன்று. சீனக் கடற்படைத் தலைவன் செங் கோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலியில் நாட்டிய கல்வெட்டிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்றும் உள்ளன. கொழும்பு நூதனசாலையில் அதனைக் காண்போர், தாரியசின் மொழி இரண்டாயிரம் ஆண்டு வளர்ந்து மாறிய வடிவத்தைத் தமிழுக்கு அருகே காண்பர். அக்கல்லைக் கண்ணெதிரே நின்று படிக்கலாம். பெகிசுத்தூன் கல்வெட்டையோ கீழிருந்து எவரும் படிக்கமுடியாது. அது தெய்வம் படிப்பதற்காகப் போலும். மக்களுக்கென்று படிகள் நாடெங்கும் அனுப்பப்பட்டன. எகிப்தின் தென்கோடியிலுள்ள எலிபந்தைன் தீவில் அரமேய மொழிப்படி ஒன்று பப்பிரசுத் தாளிலே கிடைத்திருக்கின்றது.

அக்கல்வெட்டு முழுவதும் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. திரௌக என்பது அச்சொல். பொய் என்பது பொருள். வடமொழித் துரோகம் என்பதும் அதுவும் உடன்பிறந்த சொற்கள். எழுந்தவர் ஒவ்வொருவரும் பொய்யர். நாட்டைக் கெடுத்தது பொய். இனி வரும் அரசன் பொய்யனைத் தண்டிக்க வேண்டும் என்பது தாரியசின் ஓயாத பேச்சு. படிப்போன் இதனைப் பொய்யென்று கருதலாகாது என்று வேண்டுகின்றான். தான் செய்தவற்றுட் பலவற்றை, மிகையென்று எண்ணி நம்பாமல் விடுவர் என்பதற்காகவே எழுதாது விட்டதாகவும் சொல்கின்றான். தன் குலத்தில் எண்மர் முன்னர் அரசராயிருந்தனர், தான் ஒன்பதாமவன் என்கின்றான். அவ்வெண்மரும் எவரெவர் என்று எண்ணிக் காட்டினானல்லன். தந்தையும் தந்தையின் தந்தையும் அரசராய் இருந்திலர் என்பதை அவனே வேறோரிடத்தில் அறியாமலே ஒப்புக்கொள்கின்றான். சூசா நகர மாளிகைக் கல்வெட்டிலே, அகுரமசுதா தன்னை அரசனாக்கியபோது தந்தை விசுதாசுபனும் பாட்டன் அர்சாமனும் உயிரோடிருந்தனர் என்று மகிழ்ந்து கூறுகின்றான். குலமுறையால் வரும் அரசு, தந்தையையும் பாட்டனையும் கடந்து பெயரன்மேல் வந்து பாய்வது யாண்டுமில்லை.

குருதியால் வாராத உரிமையை மணத்தால் தேடினான். சைரசின் மக்களாகிய அத்தோசை, அர்த்திசுதோனை என்னும் இருவரையும் மணந்தான். பர்தியனின் மகள் பார்மையையும் மணந்தான். அவள் மனநிலையை எந்த நூலும் எழுதிற்றிலது. அரசனாகுமுன் மணந்த மனைவி ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். அவள் வயிற்றில் மக்கள் மூவர்.

துணைநின்ற அறுவருள் ஒருவனாகிய இந்தபெர்னன் கதையையும் இங்கே கூறவேண்டும். அறுவரும் முன்னறிவிப்பின்றி அரசனைக் காணலாம் என்பது உடன்படிக்கை. ஒருநாள் வாயிற்காவலர் இந்தபெர்னனைத் தடுத்தனர். அவன் சினந்து அவர்கள் காதையும் மூக்கையும் அரிந்துவிட்டான். இஃது அறுவரும் கூடிச் செய்யும் சூழ்ச்சியோ என்று தாரியசு நடுங்கினான். ஏனையோர்க்கு இதிற் பங்கில்லை என்று அறிந்தபின், இந்தபெர்னனையும் அவன் குடும்பத்து ஆடவர் யாவரையும் சிறையிட்டான். அவன் மனைவி நாடோறும் வாயிலில் வந்து அழுதாள். இரங்கிய அரசன், ஒருவரை மாத்திரம் விடுவிப்பதாகவும் அவளே தெரிந்துகொள்ளலாம் என்றும் சொல்லியனுப்பினான். அவள் கணவனையும் வேண்டாது, மக்களையும் வேண்டாது, உடன்பிறந்தானை வேண்டினாள். கணவனும் மக்களும் தெய்வம் அருளினால் இனியும் வாய்க்கலாம். பெற்றோர் இறந்தமையால் இன்னொரு சகோதரன் பிறத்தற்கில்லை என்பது அவள் கூறிய காரணம். அரசன் வியந்து, சகோதரனோடு மூத்த மகனையும் விடுவித்தான். ஏனையோரைக் கொன்றான். தாரியசின் நீதி எத்தகையது என்று கேட்பார்க்கு இக்கதையையே யான் சொல்வது வழக்கம்: இரக்கம் உண்டு, அறிவுக்கு மதிப்பு உண்டு, எண்ணிக்கை தவறாத கொலையும் உண்டு.

அரசு நிலைபெற்றபின் அவன் செய்த ஆட்சி வேலைகள் பெரியன. எரோடோட்டசு கணக்கின்படி பேரரசு 20 வரிப்பகுதிகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் இந்து நாடு என்பது சிந்து நதிப் பகுதி. அது பொற்றூளாக 360 தலந்து இறுத்தது. அந்நதி எங்கே கடலொடு கலக்கின்றது என்றறியக் கரியாந்த ஊரினனாகிய சிகைலாக்சு என்பானைத் தாரியசு அனுப்பினான். அவன் நதிவழியே இறங்கிக் கடலைச் சுற்றி 30ஆம் மாதத்தில் எகிப்தை அடைந்தான் என்பர். நீலநதியையும் செங்கடலையும் இணைக்கும் கால்வாயைத் தாரியசு முற்றுவித்தான். சார்திசு நகரிலிருந்து சூசா வரை 111 தங்குமிடங்களோடு அரசவழி அமைந்தது. நடந்து செல்வோர்க்கு 90 நாட்பயணம். அவன் பெயரோடு தொடர்புடைய தாரிக்கு என்னும் பொற்காசு, ஏறத்தாழ 8.4 கிராம் நிறையுடையதாய், கிரேக்க நாடெங்கும் நடமாடியது. சைரசைத் தந்தையென்றும் கம்பைசீசை எசமானென்றும் சொல்லிய பாரசீகர், தாரியசை வணிகன் என்று ஏளனமாக அழைத்தனராம். வேலேந்தி வந்தவன் கணக்கேட்டை ஏந்தினான் என்பது உயர்குடியினருக்குப் பொறுக்கவில்லை.

அக்கணக்கேடுகளே இன்று நமக்கு அவனைக் காட்டுகின்றன. கி.மு. 518 அளவில் பார்சா நகரை எழுப்பத் தொடங்கினான். சைரசுக்குப் பசர்கதை என்னும் தலைநகர் ஏற்கெனவே இருந்தது. பிறன் கட்டிய ஊரில் தாரியசுக்கு நெஞ்சம் பொருந்தவில்லை போலும். பெருமண்டபத்தின் மூலைகளில் கற்பேழைகளுள் பொன்தகடும் வெள்ளித்தகடும் வைத்துப் புதைத்தான். 1933இல் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டன. சொக்தியாவுக்கு அப்பாலுள்ள சாகர் முதல் கூசு நாடு வரையும், இந்து நாடு முதல் சார்திசு வரையும் தன் அரசு பரந்தது என்று அவற்றில் மும்மொழியிலும் எழுதியிருந்தான். மேடையின் தென்சுவரிலே வேறொரு வேண்டுதல் உள்ளது. படையெடுப்பு, பஞ்சம், பொய் என்னும் மூன்றிலிருந்தும் இந்நாட்டை அகுரமசுதா காக்கவேண்டும் என்பது அது. பெகிசுத்தூனில் தொடங்கிய பொய்யச்சம் ஈண்டும் அவனை விட்டபாடில்லை.

அம்மண்டபப் படிக்கட்டுகளிற் செதுக்கிய சிற்பங்களுக்கும் பெகிசுத்தூன் சிற்பத்துக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. கழுத்துக் கயிறு இங்கே இல்லை. 23 நாட்டார் தத்தம் உடையில், தத்தம் நாட்டுப் பொருளோடு வருகின்றனர். ஒவ்வொரு கூட்டத்தின் தலைவனையும் அரண்மனை ஏவலன் கையைப் பற்றி அழைத்துச் செல்கின்றான். இந்து நாட்டார் மேலாடையின்றி, காவுதடியிலே கூடை தொங்கவிட்டு, கழுதையோடும் கோடரியோடும் வருகின்றனர். இப்பணி தாரியசு தொடங்கி அவன் மகன் சேர்க்சீசு காலத்தில் முற்றியது. பேரரசு தன்னை எவ்வாறு பிறர் காண விரும்பியது என்பதே இச்சிற்பம். பட்டபாட்டைச் சிற்பம் சொல்லாது. அதனைக் களிமண் சொல்லும்.

1933இல் மேடையின் வடகிழக்கு மதிலறைகளிலிருந்து பல்லாயிரம் களிமண் ஓடுகளும் துண்டுகளும் வெளிப்பட்டன. பெரும்பாலன ஈலாமிய மொழியில் எழுதிய களஞ்சியக் கணக்குகள், கி.மு. 509 முதல் 493 வரையுள்ளவை. யாருக்கு எத்துணைப் பார்லி, எத்துணை மது, எத்துணை மாவு என்பதே அவற்றின் பொருள். சாதாரண வேலையாள் ஒருவனுக்கு மாதம் ஏறத்தாழ 30 லீற்றர் பார்லி. எகிப்தியர், இலிதியர், கிரேக்கர், பபிலோனியர் என்று பல நாட்டு வேலையாட்கள் கூட்டங் கூட்டமாகப் பதியப்பட்டுள்ளனர். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தனிப்படி உண்டு. ஆண் மகவாயின் பெண் மகவுக்கு அளப்பதைப்போல் இருமடங்கு. இந்து நாட்டிலிருந்து சூசாவுக்குச் சென்ற வழிப்போக்கர்க்கும் படியளந்த கணக்கு இருக்கின்றது. இவையனைத்துக்கும் மேலாளன் பர்ணாக்கன், தாரியசின் சிறிய தந்தை என்று கருதப்படுபவன். அரசி அர்த்திசுதோனைக்கு 100 ஆடுகளும் ஏறத்தாழ 2,000 லீற்றர் மதுவும் கொடுக்குமாறு தாரியசு தானே பிறப்பித்த கட்டளைகளும் கிடைத்துள்ளன. அரசன் கொடைக்கும் சீட்டு வேண்டும். சீட்டின்றிக் களஞ்சியக் கதவு திறவாது. கோவிற் கணக்குப்பிள்ளைமாரைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நன்கு விளங்கும்.

இவ்வோடுகள் ஆராய்ச்சிக்காக 1936இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டன. அங்கே றிச்சட் அல்லொக் என்னும் அறிஞர் பல்லாண்டு உழைத்து 2,087 ஓடுகளைப் படித்து 1969இல் வெளியிட்டார். பின்னர் ஈரான் அரசுமீது இழப்பீடு பெற்ற வழக்காளர் சிலர் அவற்றை ஏலத்தில் விற்பிக்க முயன்றனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை மறுத்தது. கூலியாளின் பார்லிக்கணக்கு இருபத்தைந்து நூற்றாண்டின் பின் நீதிமன்றம் ஏறியதைத் தாரியசு அறிந்தால் வியப்பான். கணக்குத் தப்பியதற்கு மகிழ்வான்.

போர்ச்செய்திகள் யாவரும் அறிந்தவையாதலின் சுருங்கக் கூறுவேன். கி.மு. 513 அளவில் தோணிப்பாலம் இட்டு ஐரோப்பாவுட் புகுந்து சித்தியரைத் துரத்தினான். அவர்கள் நில்லாது பின்வாங்கி, ஒரு பறவை, ஓர் எலி, ஒரு தவளை, ஐந்து அம்புகள் ஆகியவற்றைப் பரிசாக அனுப்பினர். மண்ணும் நீரும் தந்து பணிந்தனர் என்று அரசன் பொருள் கொண்டான். துணைவன் கோபிரியனோ, பறவையாய்ப் பறந்தும் எலியாய் மண்ணுட் புகுந்தும் தவளையாய் நீரிற் குதித்தும் தப்பினாலன்றி இவ்வம்புகளால் மாள்வோம் என்று உரை கண்டான். உரையாசிரியர் இருவருள் கோபிரியனே வென்றான், படை திரும்பிற்று. கி.மு. 499இல் அயோனியக் கிரேக்கர் கிளர்ந்தனர். அடுத்த ஆண்டில் ஏதென்சு நகரத்தார் துணைவரச் சார்திசு எரிந்தது. ஒவ்வொரு வேளை உணவின்போதும் ஏதென்சை மறவற்க என்று மும்முறை நினைவூட்ட ஓர் ஏவலனைத் தாரியசு அமர்த்தினான் என்பது கிரேக்கர் கதை. கி.மு. 490இல் அனுப்பிய படை மரதனில் தோற்றது. பரீட்சைக்குப் படிக்கும் நம் மாணவர் தாரியசின் வாழ்வென்று அறிவது பெரும்பாலும் இதனையே. அப்போரில் அவன் நேரில் நின்றானுமல்லன்.

மீண்டும் படைதிரட்டும்போது எகிப்தும் கிளர்ந்தது. அரசுரிமை வழக்கும் வீட்டினுள் எழுந்தது. அரசனாகுமுன் பிறந்த மக்களுள் மூத்தவன் அர்த்தொபசானன், மூப்புமுறை காட்டி உரிமை கேட்டான். அத்தோசை வயிற்றிற் பிறந்த சேர்க்சீசு, தான் சைரசின் பெயரன் என்றும், தான் பிறந்தபோது தந்தை அரசன் என்றும், மூத்தவன் பிறந்தபோது தந்தை குடிமகன் என்றும் வாதித்தான். தாரியசு சேர்க்சீசுக்கே தீர்த்தான். அரசன் மகனே அரசனாகவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவன் விசுதாசுபன் மகன். அவ்வாதத்தைக் கேட்டபோது அவன் முகம் எவ்வாறிருந்தது என்று எரோடோட்டசு எழுதினானல்லன்.

கி.மு. 486இல், 36 ஆண்டு ஆண்டபின், தாரியசு இறந்தான். பார்சாவுக்கு வடக்கே சிறிது தொலைவில் நக்சி உருசுத்தம் என்று இன்று வழங்கும் மலையின் முகத்திலே, சிலுவை வடிவாகக் குடைந்த கல்லறையில் அவனை வைத்தனர். எளியவன் வலியவனால் தீங்குறுதலையும், வலியவன் எளியவனால் தீங்குறுதலையும் தான் விரும்பவில்லை என்றும், தன் சினத்தைத் தான் அடக்குவதாகவும், குதிரையேற்றத்திலும் வில்லிலும் வேலிலும் தான் வல்லவன் என்றும் அதிலே எழுதுவித்திருந்தான். முதுமையிலும் அந்த வேல் அவன் நினைவில் இருந்தது.

கி.மு. 330இல் அலெக்சாந்தர் பார்சாவைப் பிடித்தான். திரட்டியிருந்த செல்வத்தைச் சுமக்க 20,000 கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் வேண்டியிருந்தன என்பர். பின்னர் மாளிகைக்குத் தீயிட்டான். ஏதென்சைச் சேர்க்சீசு எரித்தமைக்குப் பழியென்பார் சிலர். குடிமயக்கத்தில் தாயிசு என்னும் ஏதென்சுப் பரத்தை தூண்டினாள் என்பார் சிலர். தேவதாருக் கூரை விழுந்தது. அகாமனீசர் அரசு அழியவே, அவர்தம் ஆப்பெழுத்தும் வழக்கொழிந்தது. சில தலைமுறைக்குள் அந்நாட்டிலேயே அதனைப் படிப்பார் எவருமில்லை. எழுத்து மறைந்த இடத்திலேதான் சம்சீது வந்தமர்ந்தான்.

1765இல் காசுதன் நீபூர் என்னும் செர்மானியர் அங்கே சென்று, சில கல்வெட்டுகளைப் பிழையின்றிப் படியெடுத்து வந்து அச்சிட்டார். அவற்றுட் சிறிய இரண்டை எடுத்துக்கொண்டவர் கியோர்க்கு கிரோதபெந்து. கீழைத்தேச மொழிப்புலவர் அல்லர். கொத்திங்கன் நகரப் பாடசாலையொன்றில் 27 வயதான ஆசிரியர். நம் தொழிலார் என்பதால் இவரிடம் எனக்குச் சிறிது அன்பு மிகுதி என்பதை மறைக்கமாட்டேன். பிற்காலப் பாரசீக அரசர் கல்வெட்டுகள் இன்னான், பேரரசன், அரசர்க்கரசன், இன்னான் மகன் என்று தொடங்கும் என்பது அக்காலத்தே தெரிந்திருந்தது. இவையும் அவ்வாறே இருக்கலாம் என்று கொண்டு, இரண்டையும் ஒப்புநோக்கினார். ஒரு கல்வெட்டில் மகனும் அரசன், தந்தையும் அரசன். மற்றதில் அதே தந்தை, மகனாக வருகின்றான். ஆனால் அவனுடைய தந்தையின் பெயருக்குப் பின்னே அரசன் என்னும் சொல் இல்லை. தான் அரசனாய், தந்தை அரசனல்லனாய், மகன் அரசனாய் உள்ளவன் யாவன்? சைரசைப் பொருத்திப் பார்த்தால் அவன் தந்தையும் கம்பைசீசு, மகனும் கம்பைசீசு. பெயர்கள் அவ்வாறு ஒத்திருக்கவில்லை. விசுதாசுபன், தாரியசு, சேர்க்சீசு என்று வைத்தார். எழுத்துக்கள் ஒவ்வொன்றாய் இடத்தில் அமர்ந்தன.

1802 செப்டெம்பரில் கொத்திங்கன் அறிஞர் கழகத்தில் அவருடைய கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. கழகம் அதனை முழுமையாக அச்சிட முன்வரவில்லை. 1805இல் நண்பரொருவர் நூலின் பிற்சேர்க்கையாக வெளிவந்தது. பின்னர் என்றி இரோலின்சன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1835 தொடக்கம் பெகிசுத்தூன் மலையில் உயிரைப் பணயம் வைத்து ஏறிப் படியெடுத்து, பழம்பாரசீகப் பகுதியை 1846இலும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்டார். அதன் துணைகொண்டே பபிலோனிய மொழியும், அதன் வழியே அசீரியரின் நூல்நிலையங்களும் திறக்கப்பட்டன.

நீபூர் படியெடுத்த அச்சிறு கல்வெட்டுகளுள் ஒன்று, பார்சா மேடைமேல் தாரியசு தனக்கென்று கட்டிய மாளிகையின் வாயில்நிலையில் உள்ளது. குடைபிடிக்கும் ஏவலன் பின்வர அரசன் வெளியே புறப்படுவதாகச் சிற்பம். மேலே, இம்மாளிகையைக் கட்டியவன் பேரரசனும் அரசர்க்கரசனுமாகிய தாரியசு, விசுதாசுபன் மகன் என்ற செய்தி, மும்மொழியில். விசுதாசுபனுக்கு அங்கேயும் பட்டம் இல்லை.